வெள்ளையடித்த கற்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவில் நிற்கிறது.

1. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் சாக்கடை, பல காலமாக நேரே வைகைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

2. அது விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு குடியிருப்பு முழுவதும் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது.

3. பஞ்சாயத்து அந்தச் சாக்கடையை மறித்து, தெளிய வைக்க ஒரு தொட்டியும் வடிகட்ட ஒரு கல் படுக்கையும் கட்டியது. தண்ணீரைப் பரிசோதிக்க என்னை வேலைக்கு வைத்தார்கள்.

4. கார்த்திகையில் படுக்கைக்குள் தண்ணீர் விட்டோம். மார்கழிக் கடைசியில் அது நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது.

5. பொங்கலுக்கு நான் மதுரையில் வீட்டோடு இருந்துவிட்டேன்.

6. நான் திரும்பி வருவதற்குள் கற்களையெல்லாம் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்துவிட்டார்கள்.

ஆறாவது இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் ரசாயனம் படித்தவள். சென்னையில் தண்ணீர்ப் பரிசோதனையில் பயிற்சி பெற்றுவிட்டு ஊர் திரும்பியபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இம்மாதிரி வேலைகளுக்குப் போகக்கூடிய ஆண்கள் பலர் வேறெங்கோ இருந்தார்கள். அதனால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. தினம் காலையில் மதுரையிலிருந்து பாசஞ்சர் வண்டியில் போய், சாயங்காலம் திரும்புவேன். திரும்பும் வண்டியில் பெண்கள் பெட்டி முழுக்க சோழவந்தான் வெற்றிலைக் கூடைகள் இருக்கும். பச்சை வாசனையில் உட்கார்ந்து வருவது எனக்குப் பிடிக்கும், பகல் முழுக்க நான் இருந்துவிட்டு வரும் இடத்தை நினைத்தால்.

அந்த இடம் ஊருக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது. தெருக்களின் சாக்கடை முதலில் தொட்டிக்கு வந்து நிற்கும். மண்டி அடியில் தங்கியதும், மேலே நிற்கும் தண்ணீர் பள்ளம் வெட்டிய மரச் சட்டங்களின் வழியாகக் கல் படுக்கையின் மேல் சொட்டுச் சொட்டாக விழும். படுக்கை என்பது ஆள் உயரச் சுவருக்குள் கையளவு கருங்கற்களைக் குவித்து வைத்த ஒரு பெரிய தொட்டிதான். சிமெண்ட் கிடைக்காத காலம் என்பதால் எல்லாமே செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்.

அங்கே உண்மையில் வேலை செய்வது கல்லின் மேல் படியும் வழவழப்பு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் கூட்டமாகக் குடியிருக்கும். மேலிருந்து சொட்டும் தண்ணீரில் உள்ள அழுக்கை அவை தின்று தீர்க்கும். அவை குடியேற வாரக்கணக்கில் ஆகும். குடியேறிவிட்டால் அடியில் வரும் தண்ணீர் தெளிந்து, நாற்றம் விட்டுப்போகும்.

தெளிவு மட்டும் போதாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. வெளிவரும் தண்ணீரை பாட்டிலில் நிரப்பி, சில துளி நீலச் சாயம் விட்டு, இறுக மூடி, இருட்டில் ஐந்து நாள் வைக்க வேண்டும். தண்ணீரில் அழுக்கு மீந்திருந்தால் நீலம் வெளிறிக் காணாமல் போய்விடும். நீலம் நின்றால் அந்தத் தண்ணீரை ஆற்றில் விடலாம்.

பஞ்சாயத்து இதையே நிபந்தனையாக வைத்திருந்தது. பக்கத்து வயல்காரர் ஒருவர் பஞ்சாயத்தில் அங்கத்தினர். வயலுக்கு நாற்றம் வருகிறது, காலங்காலமாக ஆற்றில் போனது ஆற்றிலேயே போகட்டும் என்பது அவர் கட்சி. பிரசிடெண்ட் வெற்றிலை வியாபாரி. எந்தப் பக்கமும் சட்டென்று சாயாதவர். மாசி மாதக் கூட்டத்தில் மூன்று பாட்டில்களை மேஜைமேல் வைக்க வேண்டும், நீலம் நிற்காவிட்டால் மறித்ததை உடைத்துவிட்டு சாக்கடையைப் பழையபடி ஆற்றில் திறந்துவிடுவது என்று தீர்மானம் எழுதினார்.

அப்படித் திறந்தால் அது போய்ச் சேருவது குடியிருப்பின் ஊற்றுக்கு. அங்கிருந்தவர்கள் கூலி வேலைக்காரர்கள். ஊருக்குள் இருந்த கிணறுகளில் அவர்களை இறைக்க விடுவதில்லை. ஆற்று மணலைத் தவிர அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. முந்தைய கோடையில் அங்கே வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்திருந்தார்கள். தொட்டியில் வேலை பார்த்த பெண்களும் அந்தக் குடியிருப்பினர்தான். அவர்களில் மூத்தவளை நான் அக்கா என்பேன். அவளுடைய தங்கை குழந்தையும் அந்தக் கோடையில் போயிருந்தது. எனக்கு அது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், அவள் சொன்னதில்லை.

பொங்கல் கழிந்து நான் வண்டியை விட்டு இறங்கி வரப்பு வழியே நடந்தபோது, தூரத்திலேயே ஏதோ பளீரென்று தெரிந்தது. கிட்டப் போனேன். சுவர்கள் வெள்ளை. ஓரத்தில் காவிப் பட்டை. நான்கு மூலைகளிலும் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தது. வாசல் என்று சொல்லக்கூடிய இடத்தில் பெரிய கோலம். ஏணியில் ஏறி உள்ளே பார்த்தேன். கற்களும் வெள்ளை.

பஞ்சாயத்துக் கட்டட வேலைகளைப் பார்க்கும் மேஸ்திரி வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“பாத்தீகளாம்மா? தெப்பக்குளம் தோத்துச்சு போங்க!”

“கல்லை யாருண்ணே கழுவினது?”

“யாரு, நம்ம ஆளுகதான். பொங்கலுக்குப் பஞ்சாயத்துக் கட்டடம் அம்புட்டுக்கும் வெள்ளையடிக்கணும்னு பிரசிடெண்ட் உத்தரவு. இதுவும் பஞ்சாயத்துக் கட்டடந்தானே? சுவத்துக்கு அடிச்சது போக டின்னுல சுண்ணாம்பு மிச்சம் கிடந்துச்சு. வீணாக்குவானேன்னு கல்லு மேலயும் ஊத்திவிட்டேன்.”

அக்கா பின்னாலேயே வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

“சுண்ணாம்பு ஊத்துனது மட்டுந்தான் அவரு. ஒவ்வொரு கல்லா எடுத்து, தேங்கா நாரும் சாம்பலும் போட்டுத் தேச்சது நாங்க. எம்புட்டு அழுக்குங்கிறீக! புடிச்சா நழுவுது, அயிரை மீனு கணக்கா. இம்புட்டு அழுக்குக் கல்லுல வடிச்சா தண்ணி எப்படிம்மா சுத்தமாகும்? நாளைக்கு எங்க ஊத்துக்குத்தானே வருது. அதான் பண்டிகைக் கூலி வேணாம்னு நாங்களா வந்து செஞ்சோம்.”

நான் கைப்பையைச் சுவர்மேல் வைத்தேன். கோபப்பட அங்கே எதுவும் இல்லை. வீட்டை மெழுகி, மாட்டைக் குளிப்பாட்டி, பானையைப் புதிதாக்கி, கண்ணில் பட்டதையெல்லாம் சுத்தம் செய்கிற நாளில், அவர்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்றையும் சுத்தம் செய்திருந்தார்கள். அவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்த கற்களை நான் பார்த்ததில்லை.

“அக்கா, பால் உறைய என்ன ஊத்துவீங்க?”

“மோரு.”

“மோர்ச் சட்டியை நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, அதுல சுண்ணாம்பையும் தடவிட்டா?”

அவள் திரும்பிக் கற்களைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போனது.

“அந்த வழவழப்புத்தான் மோராம்மா?”

“ஆமாக்கா.”

“அடப் பாவி மனுசா, சுண்ணாம்பை வேற ஊத்துனியே!” என்று மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

“தேச்சவ நீயி, திட்டு எனக்கா?” என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் திட்டி முடிக்கும்வரை செய்ய வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். சாக்கடையைத் தற்காலிகமாகப் பின்பக்கத் தரிசுக்குத் திருப்புவது. சுண்ணாம்பைக் கழுவி எடுப்பது. வழவழப்பை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விதைப்பது. மாசிக் கூட்டத்துக்குள் அது பரவும்படி பார்த்துக்கொள்வது. கடைசி மட்டும் எங்கள் கையில் இல்லை.

வயல் வாய்க்காலில் அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் டின்களில் மொண்டு மொண்டு படுக்கையில் ஊற்றினோம். அடியில் வெளிவரும் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் இருந்த தாள்கள் ஈரத்தில் கெட்டுப்போயிருந்தன. மஞ்சளைக் கரைத்துத் துணிக் கிழிசல்களை நனைத்துக் காயவைத்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் மஞ்சள் சிவக்கும். முதல் கிழிசல் ரத்தமாகச் சிவந்தது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள்.

“யாருக்கும்மா ஆலத்தி சுத்துறீக?”

“கல்லுக்குத்தான். அம்புட்டு அழகா இருந்துச்சுல்ல, ஊர்க்கண்ணு பட்டிருக்கும்” என்றாள் அக்கா.

வயல்காரர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். தரிசில் தேங்கிய சாக்கடை அவர் பக்கம் நன்றாகவே வீசியது. அதில் அவருக்குக் கோபம், கூடவே கொஞ்சம் திருப்தியும் என்று நினைக்கிறேன்.

“என்ன மாப்ள, பொங்கலுக்குக் குளிப்பாட்டுன கல்லு இன்னும் தலை துவட்டலயா?” என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இல்ல மாமா, காணும் பொங்கலுக்கு உங்களப் பாக்க வரலாம்னு பாத்துச்சு. நீங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போறீகளேன்னு இங்கயே உக்காந்துருச்சு.”

அவர் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாளே, தரிசில் சாக்கடை நிற்பதைப் பற்றிப் பஞ்சாயத்தில் எழுதிக்கொடுத்தார். அது நியாயமான புகார். தரிசு சின்னது. ஒன்றிரண்டு நாள் தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும். தினமும் விட்டால் தாங்காது.

மஞ்சள் துணி மஞ்சளாகவே நின்ற அன்று கழுவுவதை நிறுத்தினோம். அடுத்தது விதைப்பு. சாக்கடை முன்பு ஆற்றில் விழுந்த வாய் மண்ணும் கல்லுமாகக் கிடந்தது. மறித்த இடத்துக் கசிவு அதை இன்னும் ஈரமாகவே வைத்திருந்தது. அங்கே இருந்த கற்களில் பல வருஷத்து வழவழப்பு இருந்தது, கறுப்பாக, கெட்டியாக. அவற்றைக் கூடையில் எடுத்து வந்து நம் வெள்ளைக் கற்களுக்கு நடுவே பரப்ப வேண்டும் என்றேன்.

மேஸ்திரி துண்டால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, “கழுவுன கைக்கு இது தேவையாம்மா?” என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

“இதைத்தானே இம்புட்டு நாளும் ஆத்துல விட்டீக. எங்க வீட்டுப் பானைக்குள்ள வாரப்ப நாறல, உங்க கிட்ட வந்தா நாறுதாக்கும்” என்றாள் அக்கா.

துண்டை அவிழ்த்துத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு முதல் கூடையை மேஸ்திரியே தூக்கினார். அன்று சாயங்காலம் பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டு ஸ்டேஷன் தூரம் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா கொல்லைப்புறமாக வரச் சொன்னாள்.

பிறகு காத்திருந்தோம். தொட்டியில் தெளிந்த தண்ணீரைக் கொஞ்சமாகச் சொட்டவிட ஆரம்பித்து, நாளாக நாளாகக் கூட்டினோம். காலையில் நான் வருமுன்பே அக்கா ஏணியில் ஏறி, ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்திருப்பாள்.

“இன்னும் பிடிக்கலம்மா. சொரசொரன்னுதான் இருக்கு.”

தை அப்படியே போனது. மாசி பிறந்து, வெயில் உறைக்க ஆரம்பித்த ஒரு காலையில் அவள் ஒரு கல்லை என் கையில் வைத்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று பாட்டில்கள் பிடித்து நீலம் விட்டு மூடினேன். ஒவ்வொன்றையும் பிரசிடெண்ட் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவர் தினமும் திறந்து பார்த்தார் என்பது பஞ்சாயத்து ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

மாசிக் கூட்டம் நிறைந்திருந்தது. அக்காவும் மற்றப் பெண்களும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பிரசிடெண்ட் பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டில் நீலம் அப்படியே இருந்தது. மூன்றாவது கழுநீர்போல வெளிறியிருந்தது.

“ஒண்ணு போச்சே. அப்ப தீர்மானப்படி உடைச்சுர வேண்டியதுதான்” என்றார் வயல்காரர்.

“மூணுல ரெண்டு நிக்குதுல்ல?” என்றார் பிரசிடெண்ட். “அதைவிடக் குறைஞ்ச வித்தியாசத்துலதானய்யா நான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் எங்களுக்குச் சாதகமாக முடிந்திருக்கும். ஆனால் மூன்றாவது பாட்டில் பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போகக் கூடாது. எழுந்து நின்று அதைச் சொன்னேன்.

“வெளிறினது வெள்ளிக்கிழமை பிடிச்ச தண்ணி. செவ்வாயும் வெள்ளியும் தொட்டிமேல எண்ணெய் ஏடு கட்டுது, சீயக்காய் நுரை மிதக்குது. அந்த ரெண்டு நாளும் ஊர்ல பெண்கள் எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறாங்க. அவ்வளவையும் ஒரே நாள்ல கல்லால தாங்க முடியல.”

இப்படி ஒரு காரணத்தை அந்த அறை அதுவரை கேட்டிருக்காது.

“ஆம்பளைக புதனும் சனியும் குளிக்கிறமே, அது என்னாச்சு?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்.

“அது தண்ணியில தெரியல” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் சிரித்த பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிந்தது.

வயல்காரர் விடவில்லை. “அப்ப பொம்பளைக தலைக்குக் குளிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுவமா?”

“தாராளமாப் போடுவோம்” என்றார் பிரசிடெண்ட். “வீட்டுல போயி நீங்களே முதல்ல வாசிச்சுக் காட்டுங்க.”

சிரிப்பு அடங்கியதும் என் யோசனையைச் சொன்னேன். செவ்வாயும் வெள்ளியும் வரும் தண்ணீரை ஆற்றில் விடாமல் பின்பக்கத் தரிசுக்குத் திருப்பலாம். இரண்டு நாள் தண்ணீரை அந்த மண் தாங்கும். தரிசை உழுது பாத்தி கட்டிப் புல் போட்டால் தேங்கவும் தேங்காது, நாற்றமும் குறையும், பஞ்சாயத்து வண்டி மாடுகளுக்குத் தீவனமும் ஆகும். மற்ற நாட்களில் கல் படுக்கை.

“புல்லு யாருக்கு?” என்று வயல்காரர் கேட்டார். கேட்ட விதத்தில் பாதிக் கோபம் தணிந்திருந்தது. மாட்டுக்குப் போக மீந்ததை ஏலம் விடலாம், பக்கத்து வயல் என்பதால் அவர் எளிதாக அறுத்துக்கொள்ளலாம் என்றார் பிரசிடெண்ட். கையை உயர்த்தியவர்களை எண்ணினார்கள். சாக்கடையை ஆற்றில் திறப்பதில்லை என்று முடிவானது.

நான் வெளியே வந்ததும் அக்கா எழுந்து நின்றாள். சொன்னேன். மற்றப் பெண்கள் கையைத் தட்டிக்கொண்டார்கள். அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நேராகக் கேட்டாள்.

“அப்ப ஊத்தை வழக்கமான இடத்துலயே தோண்டலாமாம்மா?”

“இந்தக் கோடைக்கு வேணாங்க்கா. பழைய அழுக்கு மணல்ல இன்னும் இருக்கு. மேல போய்த் தோண்டுங்க. ஆத்துல ஒரு தடவை வெள்ளம் வந்து மணலைப் புரட்டிட்டுப் போகட்டும். அப்புறம் பார்த்துச் சொல்றேன்.”

“தூரமாச்சே.”

“தூரம்தான்.”

“சரி, ஒரு கோடைதானே” என்றாள். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. வடிந்த பிறகு, வழக்கமான இடத்தில் தோண்டிய ஊற்றுகளிலிருந்து தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தேன். நன்றாக இருந்தது. ஆனாலும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். விறகு யார் தருவார் என்று அக்கா கேட்டாள்.

இன்றைய நிலைமை இது. ஊரின் சாக்கடை, ஒரு தெருவினுடையதைத் தவிர, தொட்டிக்கு வருகிறது. வராத தெரு மேடு பள்ளமாக இருப்பதால் அதற்குக் குழாய் வேண்டும். குழாய் கேட்டு எழுதியிருக்கிறது, வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் புல்லுக்குப் போகிறது, மற்ற நாட்களில் கல் படுக்கை வழியாக ஆற்றுக்கு. ஊற்றுத் தண்ணீரை மாதந்தோறும் பார்க்கிறேன். சென்ற கோடையில் குடியிருப்பில் எந்தக் குழந்தையும் வயிற்றுப்போக்கில் சாகவில்லை. ஊர்க் கிணறுகளில் அவர்களை இன்னும் இறைக்க விடவில்லை.